கோடவுன்லயே பிடிச்சாதான் உண்டு

2003 நவம்பர் 22, பாக்தாத் ஏர்போர்ட். டிஎச்எல்லோட சரக்கு விமானம் ஒண்ணு பஹ்ரைனுக்கு கெளம்புது, ஏர்பஸ் ஏ300, உள்ள மூணே மூணு பேரு, ரெண்டு பெல்ஜியம்காரங்க, ஒரு பிரிட்டிஷ்காரர். சுமார் 8,000 அடி ஏறியிருப்பாங்க, இடது இறக்கையில டமார்னு ஒரு அடி. கீழ வயல்வெளியில நின்னு யாரோ தோள்ல வச்சு சுட்ட ஏவுகணை. இதுல இன்னொரு கூத்து என்னன்னா, சுட்ட கோஷ்டி கூட ஒரு பிரெஞ்சு பத்திரிகைக்காரங்க இருந்து போட்டோ எடுத்திருக்காங்க, அது வெளிய வந்து அப்புறம் பெரிய சண்டையாச்சு.

நான் இந்த மாதிரி விமான விபத்து ரிப்போர்ட்டெல்லாம் படிக்கிற பைத்தியம், வீட்ல திட்டுவாங்க, ஊருக்கு பிளேன்ல போறதுக்கு முந்தின நாள் ராத்திரி கூட உக்காந்து படிச்சுட்டு இருப்பேன். அப்படி படிச்சதுல இந்த பாக்தாத் கேஸ் மாதிரி வேற ஒண்ணு என் மனசுல நிக்கல. ஏ300ல ஹைட்ராலிக் சிஸ்டம் (எண்ணெய் அழுத்தத்தால இறக்கை, வால் பகுதிகள அசைக்கிறது) மூணு இருக்கு, தனித்தனியா, ஒண்ணு போனா இன்னொண்ணு, அதுவும் போனா மூணாவதுன்னு பார்த்து பார்த்து டிசைன் பண்ணினது. ஒரே அடியில கொஞ்ச நேரத்துக்குள்ள மூணும் காலி. அதாவது கேப்டன் கையில இருக்கிற கன்ட்ரோலை முன்னாடி தள்ளினாலும் பின்னாடி இழுத்தாலும் விமானத்துக்கு ஒண்ணுமே தெரியாது. இறக்கை எரிஞ்சுகிட்டு இருக்கு, பெட்ரோல் ஒழுகுது (பெட்ரோல் இல்ல ஜெட் ஃப்யூயல், யாராவது கமென்ட்ல வந்து திருத்துறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்), விமானம் தானா மூக்கை தூக்குது, தானா கவுக்குது, திரும்ப தூக்குது.

மிச்சம் இருந்தது ரெண்டு இன்ஜின் த்ராட்டில் மட்டும்தான். ரெண்டையும் கூட்டினா மூக்கு மேல வரும், குறைச்சா இறங்கும், ஒண்ணைக் கூட்டி ஒண்ணைக் குறைச்சா, குறைச்ச பக்கமா லேசா திரும்பும். இத வச்சே ஓட்டினாங்க. சக்கரத்தை இறக்க ஹைட்ராலிக் இல்ல, லாக்கை எடுத்துவிட்டு சக்கரத்தோட வெயிட்லயே தானா விழ வச்சாங்க, அது விழுந்ததும் காத்துல இழுவை கூடி ஆட்டம் கொஞ்சம் அடங்குச்சு. இடது பக்க டேங்க் ஒழுகி தீர்ந்துட்டு இருந்ததால அந்தப் பக்கத்து இன்ஜினுக்கு வலது பக்கத்துலேர்ந்து ஃப்யூயல் திருப்பிவிட்டாரு ஃப்ளைட் இன்ஜினியர், அது மட்டும் மறந்திருந்தா இன்ஜின் ஒண்ணு நின்னு கத முடிஞ்சிருக்கும். அடிபட்டு சுமார் 16 நிமிஷம் கழிச்சு ரன்வேயில இறக்கிட்டாங்க, இறங்கினதும் விமானம் இடதுபக்கமா ஓடி ரன்வேயத் தாண்டி மணல்ல போய் நின்னுச்சு. மூணு பேரும் உயிரோட வெளிய வந்தாங்க. இறக்கையோட வெளிப்பக்க டேங்க் ஃபுல்லா இருந்துச்சு, அதனால உள்ள ஆவி சேர இடம் இல்லாம பெருசா வெடிக்கலன்னு ரிப்போர்ட்ல போட்டிருந்தாங்க. அரை டேங்க்கா இருந்திருந்தா நான் இந்தக் கதைய வேற மாதிரி எழுதிட்டு இருப்பேன்.

இந்தக் கதைய கேட்டுட்டு நிறைய பேர் பைலட் திறமைய பாராட்டிட்டு போயிடறாங்க, பாராட்ட வேண்டியதுதான், ஆனா எனக்கு அதுலேர்ந்து வேற ஒரு கேள்விதான் வந்துச்சு. அந்த ஏவுகணை அந்த ஆள் கைக்கு எப்படி போச்சு? ஏன்னா இது சந்தையில பேரம் பேசி வாங்குற சாமான் இல்ல. எங்கயோ ஒரு அரசாங்க தொழிற்சாலையில செஞ்சு, ஒரு அரசாங்க ராணுவத்துக்கு கொடுத்து, ஒரு அரசாங்க கோடவுன்ல நம்பர் போட்டு வச்சிருந்த பொருள். அங்கேர்ந்து வெளிய வந்துருக்கு.

இத மேன்பேட்ஸ்னு சொல்லுவாங்க. ஒரு ஆள் தூக்கிட்டு போற விமான எதிர்ப்பு ஏவுகணை. ரஷ்யாக்காரங்களோட ஸ்ட்ரெலா, இக்ளா, அமெரிக்காவோட ஸ்டிங்கர் இதெல்லாம் பிரபலம். ஸ்ட்ரெலா 2 எல்லாம் 60கள்ல வந்தது, மொத்தமா 15 கிலோ இருக்கும், நீளம் ஒன்றரை மீட்டர் கூட இல்ல, கார் டிக்கியில போட்டு மேல ஒரு போர்வைய போத்தினா ஒருத்தருக்கும் தெரியாது. முன்னாடி இருக்கிற சீக்கர் சூட்டை தேடும். பழைய மாடல் இன்ஜின் பின்னாடி வர்ற சூட்டை மட்டும்தான் துரத்தும், புது மாடல் எந்தப் பக்கத்துலேர்ந்தும் பிடிக்கும். வெடிமருந்து பகுதி ஒரு கிலோ சொச்சம்தான், அதனாலதான் ஏ300 மாதிரி பெரிய ஜெட் ஒரு அடி வாங்கினாலும் பொழைக்க வாய்ப்பு இருக்கு. சின்ன டர்போப்ராப் (முன்னாடி விசிறி சுத்துற) விமானத்துக்கு அந்த சலுகை கிடையாது. அமெரிக்க வெளியுறவுத்துறை கணக்குப்படி 70கள்லேர்ந்து 40க்கும் மேற்பட்ட சிவிலியன் விமானங்கள் இந்த மாதிரி அடி வாங்கியிருக்கு, அதுல 28 விழுந்துருக்கு, 800 பேருக்கு மேல செத்துருக்காங்க.

அந்த லிஸ்ட எடுத்து பார்த்தீங்கன்னா பாதிக்கு மேல நாம கேள்விப்படாத ஊருங்க. ரொடீஷியாவுல (இப்ப ஜிம்பாப்வே) 1978 செப்டம்பர்ல கரீபாவுலேர்ந்து கெளம்பின வைக்கவுன்ட் விமானம், 56 பேர்ல 48 பேர் போயிட்டாங்க, அதுல 10 பேர் விழுந்ததுல பொழைச்சு தரையில நிக்கும்போது சுட்டுக் கொன்னது. அஞ்சு மாசம் கழிச்சு 1979 பிப்ரவரியில அதே ரூட்ல இன்னொரு வைக்கவுன்ட், 59 பேர், ஒருத்தர் கூட மிஞ்சல. அப்புறம்தான் மிச்ச விமானங்களோட எக்ஸாஸ்ட் பைப்புக்கு மூடி போட்டு சூட்டை மறைச்சு, பளபளப்பு இல்லாத பெயின்ட் அடிச்சு ஓட்டினாங்க. பயணிகள் விமானத்துக்கு ஏவுகணைக்கு எதிரா ஏதாவது செஞ்சு பார்த்ததுல இது ரொம்ப ஆரம்ப கால முயற்சி. சூடான்ல 1986ல மலக்கால்ல 60 பேர். ஜார்ஜியாவுல சுகுமியில 1993 செப்டம்பர்ல அடுத்தடுத்த நாள்ல ரெண்டு விமானம். இப்படியே போகும்.

நம்ம பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு, அத பத்தி தமிழ்ல பேச நிறைய பேர் தயங்குறாங்க. 1998 செப்டம்பர் 29, லயன்ஏர் 602. இது இந்தோனேஷியா லயன் ஏர் இல்ல, இலங்கையில அப்ப இருந்த ஒரு சின்ன கம்பெனி. யாழ்ப்பாணத்து பலாலியிலேர்ந்து கொழும்பு ரத்மலானைக்கு போன அன்டனோவ் 24, டர்போப்ராப், 48 பயணிகள், 7 ஊழியர்கள். கெளம்பி கொஞ்ச நேரத்துல ரேடார்லேர்ந்து காணாம போயிடுச்சு. மன்னார் பக்கத்து கடல்ல விழுந்துருக்கு. புலிகளோட ஏவுகணைதான்னு அப்பவே எல்லாருக்கும் சந்தேகம், ஆனா போர் நடக்கிற கடல்ல யார் போய் தேடுறது. 14 வருஷம் கழிச்சு 2012லதான் இரணைதீவு பக்கத்துல கடலுக்கடியில அதோட சிதைவ கண்டுபிடிச்சாங்க, அதுவும் பிடிபட்ட முன்னாள் புலி ஒருத்தர் விசாரணையில சொன்ன தகவல வச்சு. கிடைச்ச துணிமணிய எல்லாம் யாழ்ப்பாணத்துல வச்சு சொந்தக்காரங்கள அடையாளம் பார்க்க சொன்னாங்க. அந்த 48 பேர்ல பெரும்பாலும் யாழ்ப்பாணத்து தமிழ் சனங்கதான். தமிழனுக்காக சுட்டதுன்னு இத எந்தக் கணக்குல சேர்க்கிறதுன்னு எனக்கு சத்தியமா புரியல, யாராவது நியாயம் சொல்ல வந்தா முதல்ல அந்தத் துணிமணிய பார்க்கப் போன குடும்பங்களுக்கு சொல்லட்டும்.

ஆனா என் கோபம் அங்க மட்டும் நிக்கல. 1995 ஏப்ரல் 28, 29, அடுத்தடுத்து ரெண்டு நாள்ல பலாலி கிட்ட இலங்கை விமானப்படையோட ரெண்டு ஆவ்ரோ விமானங்கள புலிகள் ஏவுகணையால வீழ்த்தினாங்க. அதாவது புலிகள் கிட்ட இந்த சாமான் இருக்குன்னு 1995லயே அரசாங்கத்துக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், விமானக் கம்பெனிக்கும் தெரியும். மூணு வருஷம் கழிச்சு அதே வானத்துல, சூட்டை மறைக்க ஒரு தகரம் கூட இல்லாத விமானத்துல டிக்கெட் போட்டு ஆள் ஏத்தியிருக்காங்க. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் எனக்கு பழக்கம், என்னைவிட ரொம்ப மூத்தவர், அவர்கிட்ட ஒரு தடவ கேட்டேன், ஏண்ணா, மிசைல் இருக்குன்னு தெரிஞ்சும் எப்படிண்ணா அதுல ஏறினீங்க எல்லாரும்னு. "ஏ9 பூட்டிக் கிடக்கு தம்பி. கப்பலுக்குப் பதிஞ்சுபோட்டு எத்தினை நாள் பார்த்துக்கொண்டு இருக்கிறது? ஆஸ்பத்திரி அலுவல், விசா அலுவல் எண்டா பிளேன்தான். காசும் கூட, பயமும் கூட, எண்டாலும் ஏறினனாங்கள்" அப்படின்னாரு (ஏ9ங்கிறது யாழ்ப்பாணத்துக்கு போற மெயின் ரோடு). அவ்ளோதான். இதுக்கு மேல நான் என்ன கேக்க முடியும். அந்த விமானம் விழுந்ததுக்கப்புறம் பலாலிக்கு சிவிலியன் விமானமே நின்னு போச்சு, 2002 போர்நிறுத்தத்துக்கு அப்புறம்தான் திரும்ப வந்துச்சு.

சரி, உலகம் எப்ப முழிச்சுச்சுன்னு பார்த்தா அதுவும் ஒரு வயித்தெரிச்சல் கதைதான். ஆப்பிரிக்காவுலயும் ஜார்ஜியாவுலயும் இலங்கையிலயும் 20 வருஷத்துக்கு மேல விமானம் விழுந்தப்போ யாரும் கமிட்டி போடல. 2002 நவம்பர் 28, கென்யாவுல மொம்பாசா. ஆர்க்கியாங்கிற இஸ்ரேல் கம்பெனியோட போயிங் 757, ஊழியர்களையும் சேர்த்து 270 பேருக்கு மேல, டெல் அவிவுக்கு கெளம்பி மேல ஏறும்போது ரெண்டு ஸ்ட்ரெலா விட்டாங்க. ரெண்டும் குறி தவறிடுச்சு. அதே நேரம் பக்கத்துல இஸ்ரேல்காரங்க தங்கியிருந்த பாரடைஸ் ஹோட்டல்ல கார் குண்டு, 13 பேர் செத்தாங்க, அதுல 10 பேர் கென்யாக்காரங்க. விமானம் திரும்பி மொம்பாசாவுல இறங்காம அப்படியே டெல் அவிவ் வரைக்கும் போச்சு, கடைசியில இஸ்ரேல் போர் விமானங்க கூட வந்து இறக்கிவிட்டுச்சு. அந்த ஏவுகணைங்க சோமாலியா வழியா கடல்ல கடத்திட்டு வந்ததா ஐ.நா. நிபுணர் குழு பின்னாடி சொல்லுச்சு.

ஒருத்தர் மேலயும் படாத அந்த ரெண்டு ஏவுகணைதான் எல்லாத்தையும் மாத்துச்சு. 2003 பிப்ரவரியில லண்டன் ஹீத்ரோவுல 450 ராணுவ வீரர்கள கவச வண்டியோட நிறுத்தினாங்க. மே மாசம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கென்யாவுக்கு போறதையே கொஞ்ச நாள் நிறுத்திருச்சு, டூரிஸ்ட்ட நம்பி பொழைக்கிற நாடு, அவங்களுக்கு அது பெரிய அடி. ஜி8 நாடுங்க பிரான்ஸ்ல ஏவியான்ல கூடி இதுக்குன்னே ஒரு செயல்திட்டம் போட்டாங்க. அமெரிக்காவுல உள்நாட்டு பாதுகாப்புத் துறை பயணிகள் விமானத்துல ஏவுகணை எதிர்ப்பு கருவி வைக்கலாமான்னு பெரிய ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க.

அந்த ப்ராஜெக்ட் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்த விஷயத்த பேசினாலே எல்லாரும் முதல்ல கேக்குறது "அப்ப எல்லா விமானத்துலயும் அந்த லேசர் வச்சுட வேண்டியதுதானே". விமானத்தோட வயித்துக்கு அடியில ஒரு டப்பா மாதிரி மாட்டுவாங்க. ஏவுகணை கெளம்பின நெருப்ப அதுல இருக்கிற சென்சார் பார்க்கும், உடனே ஒரு சின்ன டரெட் (சுழலுற தலை) அந்தப் பக்கம் திரும்பி ஏவுகணையோட கண்ணுல லேசர் அடிக்கும், ஏவுகணைக்கு இலக்கு எதுன்னு குழம்பி வேற பக்கம் போயிடும். இதெல்லாம் சில நொடிக்குள்ள, பைலட் கை வைக்காமலே. நார்த்ராப் க்ரம்மன், பிஏஇன்னு ரெண்டு ஆயுதக் கம்பெனி ஆளுக்கு ஒண்ணு செஞ்சாங்க, ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்துல, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 767ல எல்லாம் மாட்டி பார்த்தாங்க. தொழில்நுட்பம் வேலை செய்யுது, அதுல சந்தேகம் இல்ல.

காசுதான் இடிச்சுது. ரேண்ட்னு ஒரு ஆய்வு நிறுவனம் 2005ல கணக்கு போட்டு, அமெரிக்காவோட 6,800 பயணிகள் விமானத்துலயும் மாட்ட சுமார் 1,100 கோடி டாலர் ஆகும், அப்புறம் வருஷா வருஷம் பராமரிப்புக்கு 210 கோடி டாலர்னு சொன்னாங்க. மாட்டினா எடை கூடும், காத்து இழுவை கூடும், ஃப்யூயல் கூட குடிக்கும். ராணுவ சாமான், வெளிநாட்டு ஏர்போர்ட்ல ரிப்பேர் ஆனா யார் தொடுறதுன்னு ஒரு சிக்கல். இன்னொண்ணு, சூட்டை தேடுற ஏவுகணைக்குத்தான் இந்த லேசர் ஒத்துவரும், வேற வகையில குறி பார்க்கிறதுக்கு ஒத்துவராது. கடைசியில டெஸ்ட் முடிஞ்சு ரிப்போர்ட் போச்சு, கட்டாயம் மாட்டணும்னு சட்டம் எதுவும் வரல.

இஸ்ரேல் மட்டும் விடல. முதல்ல எல் அல்ங்கிற அவங்க நாட்டு கம்பெனி விமானத்துல நெருப்புப்பொறி விட்டு ஏவுகணைய ஏமாத்துற சிஸ்டம் வச்சாங்க, அத பார்த்துட்டு சில ஐரோப்பிய நாடுங்க, எங்க ஏர்போர்ட் பக்கம் நெருப்பு கொட்டுற விமானத்த கொண்டு வராதீங்கன்னு எதிர்ப்பு சொன்னாங்க. அப்புறம் எல்பிட் கம்பெனியோட லேசர் சிஸ்டத்துக்கு மாறி, 2014 ஆரம்பத்துல டெஸ்ட் எல்லாம் முடிச்சதா அறிவிச்சாங்க. அவங்களுக்கு விமானமும் கம்மி, ஆபத்தும் நிஜம், அரசாங்கமே காசு போடுது, அதனால கணக்கு ஒத்துவருது. நம்ம நாட்டுல பிரதமர், ஜனாதிபதி போற ரெண்டு போயிங் 777க்கும் இந்த மாதிரி லேசர் பாதுகாப்பு இருக்கு, 2019ல அமெரிக்கா அந்த விற்பனைக்கு ஓகே சொன்னப்போ போட்ட தொகை ரெண்டுக்கும் சேர்த்து 19 கோடி டாலர். ஒரு விமானத்துக்கு எவ்வளவுன்னு வகுத்து பாத்துக்குங்க, அதுக்கப்புறம் இண்டிகோ டிக்கெட் விலைய நினைச்சுக்குங்க. நமக்கு அது வராது மக்களே, ஜன்னல் சீட்டுக்கே தனியா காசு கேக்குறாங்க.

அடுத்து எல்லாரும் சொல்றது, ஏர்போர்ட்ட சுத்தி காவல் போடு. போடலாம், போடவும் செய்றாங்க, ஹீத்ரோவுல போட்டது அதுதான். ஆனா ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. விமானம் தரையிறங்கும்போது 3 டிகிரி சரிவுல வருது. இந்த ஏவுகணைங்கள்ல நல்ல மாடல் எல்லாம் சுமார் 3.5 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் எட்டும். அந்த உயரத்துலேர்ந்து 3 டிகிரியில தரைக்கு வரணும்னா 65 கிலோமீட்டருக்கு மேல ஓடணும். சென்னையிலேர்ந்து காஞ்சிபுரம் போற தூரம்னு வச்சுக்குங்க. எந்த போலீஸால அவ்ளோ நிலத்தையும் வீடு வீடா காவல் காக்க முடியும்? பாக்தாத்ல அதனாலதான் அந்தக் காலத்துல விமானங்க ஏர்போர்ட்டுக்கு நேர் மேல வர்ற வரைக்கும் உயரத்துலயே வந்து, அப்புறம் சுருள் சுருளா சுத்தி கீழ இறங்கும், ஜோர்டான்லேர்ந்து போன பயணிகள் விமானமும் அப்படித்தான் இறங்குச்சு. நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்குற ஏர்போர்ட்ல இதெல்லாம் கதைக்கு ஆகாது.

இடையில ஒரு காமெடி. 2003 ஆகஸ்ட்ல ஹேமந்த் லக்கானின்னு இந்தியாவுல பொறந்த ஒரு பிரிட்டிஷ் வியாபாரிய அமெரிக்காவுல நியூவார்க் பக்கத்துல புடிச்சாங்க, இக்ளா ஏவுகணை விக்க வந்தார்னு. அவருக்கு ஏவுகணை சப்ளை பண்ணினது ரஷ்ய உளவுத்துறை ஆளுங்க, அதுவும் வெடிக்காத டம்மி. அவர்கிட்ட வாங்க வந்தது எஃப்பிஐ செட் பண்ணின ஆளு. அதாவது விக்கிறவனும் போலீஸ், வாங்குறவனும் போலீஸ், நடுவுல புரோக்கர் மட்டும் நிஜம். 47 வருஷம் தண்டனை கொடுத்தாங்க, ஜெயில்லயே செத்துட்டார். ஆள் யோக்கியன் இல்லதான், ஆனா இத பெரிய வெற்றின்னு டிவியில காட்டினப்போ நிஜ ஏவுகணைங்க லட்சக்கணக்குல உலகம் பூரா கோடவுன்ல இருந்துச்சு, அதுல பலது சரியான பூட்டு இல்லாம கெடந்துச்சுங்கிறதுதான் கொடுமை.

ஆமா, கோடவுன். இங்கதான் நான் சொல்ல வந்ததே இருக்கு. ஏவுகணை கெளம்பினதுக்கு அப்புறம் பிடிக்க ஆகுற செலவு எவ்வளவுன்னு மேல பார்த்தோம். பெட்டியில இருக்கும்போதே பிடிச்சா ஒரு சுத்தியலும் ஒரு கிடங்கு ரெஜிஸ்டரும் போதும். இத கவர்ச்சியான வேலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஒரு கிளார்க் உக்காந்து சீரியல் நம்பர டிக் அடிக்கிற வேலை, எந்த மந்திரியும் ரிப்பன் வெட்ட வர மாட்டார். ஆனா நான் படிச்ச வரைக்கும் இதுல உருப்படியா பலன் கொடுத்தது அது ஒண்ணுதான். 2003லேர்ந்து அமெரிக்கா பல நாட்டுல காசு கொடுத்து, தேவைக்கு மிஞ்சின ஏவுகணைங்கள உடைக்க வச்சு இதுவரைக்கும் 30,000க்கு மேல அழிச்சிருக்கு. கம்போடியா 2004ல தன்கிட்ட இருந்த 233 ஸ்ட்ரெலாவையும் அழிச்சுருச்சு. நிகரகுவாகிட்ட சோவியத் காலத்துலேர்ந்து 2,000க்கு மேல கெடந்துச்சு, அதுல ஏறக்குறைய பாதிய 2004ல அழிச்சாங்க, மிச்சத்த அழிக்க அந்த நாட்டு பார்லிமென்ட் விடல, பக்கத்து நாடு ஹோண்டுராஸ்ல போர் விமானம் இருக்கே நாங்க என்ன பண்றதுன்னு. அந்த சண்டை நடந்துட்டு இருக்கும்போதே 2005 ஜனவரியில தலைநகர் மனாகுவாவுல கறுப்புச் சந்தையில ஒண்ணு விக்க வந்து பிடிபட்டுச்சு. இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?

லிபியாதான் பெரிய பாடம். கடாஃபி வாங்கி குவிச்சது சுமார் 20,000ன்னு அமெரிக்கா சொன்ன மதிப்பு. 2011ல ஆட்சி கவிழ்ந்தப்போ கிடங்கு எல்லாம் தொறந்து கெடந்துச்சு, பெட்டி பெட்டியா ஆளாளுக்கு தூக்கிட்டு போனாங்க. உடனே ஆள் அனுப்பி தேடி, அந்த வருஷக் கடைசிக்குள்ள சுமார் 5,000த்த அழிச்சாங்க. மிச்சத்துல நிறைய நேட்டோ குண்டுவீச்சுலயே போயிருக்கும்னு சமாதானம் சொன்னாங்க, சரி.

இதுல அமெரிக்காவ நல்ல பிள்ளையா காட்டுறேன்னு நினைக்காதீங்க. 1986லேர்ந்து ஆப்கான் முஜாஹிதீன்களுக்கு 2,000க்கு மேல ஸ்டிங்கர அள்ளிக் கொடுத்தது அவங்கதானே. சோவியத் ஹெலிகாப்டர் விழும்போது கை தட்டினாங்க, போர் முடிஞ்சதும் ஐயையோ நம்ம விமானத்து மேலயே வருமேன்னு சிஐஏ மூலமா திரும்ப விலைக்கு வாங்க ஆரம்பிச்சாங்க, அதுவும் அசல் விலைய விட பல மடங்கு போட்டு. கல்யாணத்துக்கு இலவசமா கொடுத்த பாத்திரத்த அடகுக்கடையில போய் தன் காசு போட்டு மீட்ட மாதிரி. அப்படியும் எல்லாம் திரும்ப வரல. ஆனா அந்த சூடு நல்லா பட்டுச்சுன்னு சொல்லணும், சிரியா போர்ல கலகக்காரங்க எவ்வளவு கேட்டும் இந்த ஏவுகணைய மட்டும் கொடுக்க பல வருஷம் பிடிவாதமா மறுத்தாங்க, காரணமே பயணிகள் விமானம்தான்.

வாஸனார்னு 40 சொச்சம் நாடுங்க சேர்ந்த ஒரு ஏற்றுமதி கட்டுப்பாட்டு ஒப்பந்தம் இருக்கு, நம்ம இந்தியாவும் 2017 டிசம்பர்ல சேர்ந்துச்சு. அதுல மேன்பேட்ஸுக்குன்னே தனி விதி. அரசாங்கத்துக்குத்தான் விக்கணும், அரசாங்கம் அனுமதிக்காத இடைத்தரகர் மூலமா போகக் கூடாது, வாங்கினவன் இன்னொருத்தனுக்கு கை மாத்தணும்னா வித்தவன் கிட்ட கேக்கணும், ஏவுகணையையும் சுடுற கைப்பிடி பகுதியையும் ஒரே இடத்துல வைக்காம தனித்தனியா பூட்டி வைக்கணும். கடைசி விதிதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. எவ்ளோ சிம்பிள் பாருங்க, ரெண்டு ரூம், ரெண்டு பூட்டு, ரெண்டு பேர் கிட்ட சாவி. ஒரு கிடங்கு கொள்ளை போனாலும் திருடனுக்கு கிடைக்கிறது பாதி சாமான்தான். கோடி கோடியா கொட்டின லேசரோட ஒப்பிட்டா இதுக்கு செலவு ஒரு கொத்தனார் கூலி.

இப்ப உக்ரைன் இருக்கு. 2022லேர்ந்து ஸ்டிங்கர், போலந்தோட பியோருன்னு ஆயிரக்கணக்குல போயிட்டு இருக்கு. அவங்க நாட்ட காப்பாத்திக்க அது தேவை, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா பதுங்கு குழியில உக்காந்துட்டு இருக்கிறவன் கிட்ட போய் சீரியல் நம்பர் சரியா இருக்கா, கைப்பிடிய தனி ரூம்ல வச்சியான்னு எவன் கேப்பான்? எப்ப போர் நின்னாலும் அதுக்கப்புறம் பத்து இருபது வருஷம் இந்த கணக்கு எடுக்குற வேலை ஓடிட்டே இருக்கும், அதுக்கு யார் காசு போடுறாங்கன்னுதான் நான் பார்த்துட்டு இருக்கேன்.

உக்ரைன்னு சொன்னதும் எம்எச்17 ஞாபகம் வரும். 2014 ஜூலை 17, மலேசியன் ஏர்லைன்ஸ், 298 பேர். அது தோள்ல வச்சு சுட்டது இல்ல, லாரி சைஸ் வண்டியிலேர்ந்து சுட்ட பூக் ஏவுகணை, 33,000 அடியில பறந்துட்டு இருந்த விமானம். ஆனா அதுலயும் லயன்ஏர் 602லயும் ஒரே நோய்தான் எனக்கு தெரியுது. எம்எச்17க்கு முன்னாடியே அந்த வட்டாரத்துல ராணுவ விமானங்க ஒண்ணொண்ணா விழுந்துட்டு இருந்துச்சு, லுகான்ஸ்க்ல இறங்க வந்த ஐஎல்76 விழுந்து 49 பேர் செத்து ஒரு மாசம்தான் ஆகுது. உக்ரைன் என்ன பண்ணுச்சு, 32,000 அடிக்கு கீழ பறக்காதீங்க, மேல பறந்துக்கலாம்னு சொல்லிட்டு வான்வெளிய தொறந்தே வச்சிருந்துச்சு. விமானக் கம்பெனிங்களும் சரி சொல்லிட்டாங்கல்லன்னு பறந்தாங்க, மலேசியா மட்டும் இல்ல, அன்னைக்கு வேற பல நாட்டு விமானமும் அதே வழியா போச்சு. பலாலியிலயும் 1995க்கு அப்புறம் இதேதான் நடந்துச்சு. ராணுவ விமானம் விழுந்துச்சு, அது அவங்க பிரச்சினைன்னு விட்டுட்டாங்க. எந்த ஏவுகணைக்கும் ராணுவம் சிவிலியன் வித்தியாசம் தெரியாது, தோள்ல வச்சு சுடுறதுக்கு சூடு மட்டும்தான் தெரியும், பூக்குக்கு ரேடார்ல தெரியுறது மட்டும்தான்.

எம்எச்17க்கு அப்புறம் ஒரு நல்லது நடந்துச்சு, அத பத்தி நிறைய பேருக்கு தெரியல. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு ஏஜென்சி போர் நடக்கிற இடங்கள பத்தி அறிக்கை போட்டு வெப்சைட்ல எல்லாரும் பார்க்குற மாதிரி வைக்கிறாங்க, எந்த நாட்டு மேல பறக்க வேணாம், எந்த உயரத்துக்கு கீழ வேணாம்னு. அமெரிக்காவோட விமானத்துறை ஏஜென்சி எஃப்ஏஏவும் அவங்க கம்பெனிகளுக்கு போடுற தடைய பொதுவுல வைக்குது. ரெண்டுலயும் மேன்பேட்ஸ் ஆபத்துன்னு தெளிவா போட்டிருப்பாங்க. வளைகுடா, ஆப்பிரிக்கா பக்கம் வேலைக்கு போற நம்ம ஆளுங்க எவ்வளவு பேர், கனெக்டிங் ஃப்ளைட்ல எந்த நாட்டு மேல போறோம், எந்த ஊர்ல இறங்குறோம்னு ஒரு தடவ அந்த லிஸ்ட்ல தட்டி பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

பலாலி இப்ப யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆயிடுச்சு, 2019 நவம்பர்ல சென்னையிலேர்ந்து ஏடிஆர் விமானம் விட ஆரம்பிச்சு, கொரோனாவுல நின்னு, 2022 டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. அதுவும் டர்போப்ராப்தான், நான் இன்னும் போகல, டிக்கெட் விலை இறங்கட்டும்னு பார்த்துட்டு இருக்கேன். போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா லக்கேஜ் எவ்ளோ விடுறாங்க, இமிக்ரேஷன்ல எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கமென்ட்ல சொல்லுங்க.